குங்குமம் கலையாத தகடு

தகட்டை என் கையில் கொடுத்துவிட்டு, குழாய் போட்ட மேஸ்திரி ஏழுமலை இரண்டடி பின்னால் போய் நின்றுகொண்டான். அவனைச் சுற்றி அவன் ஆட்கள் பத்துப் பன்னிரண்டு பேர். யாரோ கை தட்டினார்கள். ஜி.எம். லட்டு டப்பாவைத் திறந்தார்.

நான் தகட்டைப் பார்த்தேன். உள்ளங்கை அகல எவர்சில்வர் தகடு. கண்ணாடி மாதிரி இருந்தது. என் ஹெல்மெட்டும் மூக்கும் அதில் தெரிந்தன. ஒரு புள்ளி இல்லை. ஒரு கீறல் இல்லை.

இடது மூலையில் சந்தனம். அதன் நடுவில் குங்குமம். சந்தனத்தில் ஸ்டோர்கீப்பர் சபாபதியின் விரல் ரேகைகூட அப்படியே இருந்தது.

"இன்னா மேடம், பேச்சே காணோம்?" என்றான் ஏழுமலை. "சந்தோசத்துல வாய் அடைச்சிகிச்சா?"

அந்தத் தகடு அரை மணி நேரத்துக்கு முன்னால் முந்நூறு டிகிரி நீராவிக்கு நேராக நின்றுவிட்டு வந்திருக்கிறது என்று இவன் சொல்கிறான். புயலெல்லாம் அந்த வேகத்துக்குப் பக்கத்தில் வராது. இரும்பில் ஒட்டிய துருவையே உரித்துக்கொண்டு போகும் வேகம். சபாபதியின் குங்குமத்தை மட்டும் கும்பிட்டுவிட்டுச் சுற்றிப் போயிருக்கிறது போல.

எனக்குக் கோபம் வந்தால் அது உடனே வாய்க்கு வந்துவிடும். இந்தத் தொடரைப் படித்து வருகிறவர்களுக்கு இது புதுச் செய்தி இல்லை. அன்றைக்கு வரவில்லை. சிரிப்பு வந்தது. அதை அடக்கிக்கொண்டு, "இரு, மூக்குக் கண்ணாடியைத் துடைச்சிட்டு நல்லாப் பாக்கறேன்" என்றேன்.

குழாய்க்குள் என்ன இருக்கும்?

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போகும் சாலையை ஒட்டி, உள்ளே தள்ளி ஒரு தொழிற்சாலை. பெயர் வேண்டாம். அங்கே புது பாய்லர் வைத்திருந்தார்கள். பாய்லரிலிருந்து டர்பைனுக்குப் புதுக் குழாய். டர்பைன் என்பது நீராவி அடித்துச் சுற்றும் சக்கரம். நூற்றுக்கணக்கான மெல்லிய பிளேடுகள் அதில் இருக்கும். அது சுற்றினால் மின்சாரம். அதையெல்லாம் சரிபார்த்து முதல் முறையாக ஓட்டிக் கொடுப்பது என் வேலை.

புதுக் குழாய் சுத்தமாகத்தானே இருக்கும் என்று கேட்பீர்கள். படித்தவர்களே கேட்கிறார்கள். புதுக் குழாயைப் போல் அழுக்கானது கிடையாது. உள்ளே துரு இருக்கும், மணல் இருக்கும், வெல்டிங் வைத்த இடத்தில் கசடு ஒட்டியிருக்கும், தீர்ந்துபோன வெல்டிங் ராடின் துண்டு கிடக்கும். ஒரு இடத்தில் எனக்கு ஒற்றைச் செருப்பு கிடைத்திருக்கிறது. இன்னொரு செருப்போடு அந்த ஆள் எப்படி வீட்டுக்குப் போனான் என்று இன்றுவரை யோசிக்கிறேன்.

இதையெல்லாம் வைத்துக்கொண்டு நீராவியைத் திறந்தால், ஒவ்வொரு துணுக்கும் துப்பாக்கிக் குண்டு மாதிரி போய் பிளேடில் அடிக்கும். அதனால் முதலில் குழாயை டர்பைனோடு சேர்க்காமல், வேறு ஒரு குழாய் போட்டு அதன் வாயை வானத்தைப் பார்த்துத் திருப்பி வைப்போம். பாய்லரில் அழுத்தம் ஏற்றி, வால்வைச் சட்டென்று திறந்து ஊதுவோம். பிறகு மூடிக் குழாயை ஆறவிடுவோம். ஆறும்போது இரும்பு சுருங்கும், ஒட்டிய கசடு விரிசல் விடும். மறுபடி ஊதுவோம். இப்படி நாள் கணக்கில்.

சுத்தமாகிவிட்டதா என்று எப்படித் தெரியும்? அதற்குத்தான் தகடு. வெளியேறும் வாயில் பளபளவென்று தேய்த்த தகடு ஒன்றை மாட்டி வைத்து ஊதுவோம். உள்ளேயிருந்து வரும் துணுக்குகள் அதில் அடித்துப் பள்ளம் விழும். பள்ளத்தை எண்ணுவோம். அடுத்தடுத்து இரண்டு தகடுகளில், சின்னதாக மூன்று பள்ளத்துக்கு மேல் இல்லை என்றால் நான் கையெழுத்துப் போடுவேன். அதற்குப் பிறகுதான் டர்பைன்.

இவ்வளவுதான் விஷயம். அந்தக் கையெழுத்தைத்தான் அன்றைக்கு லட்டு கொடுத்து வாங்கப் பார்த்தார்கள்.

பால் திரிந்த கதை

ஊதும் சத்தத்தை எழுத்தில் சொல்ல முடியாது. காதில் கேட்காது, மார்பில் கேட்கும். பல் கூசும். அதனால் காலையிலேயே ஆட்டோவில் மைக் கட்டி, "யாரும் பயப்பட வேண்டாம்" என்று சுற்றுக் கிராமங்களில் சொல்லச் சொல்வோம். அதைக் கேட்டுத்தான் எல்லோரும் பயப்பட ஆரம்பிப்பார்கள்.

தொழிற்சாலை கேட்டுக்கு எதிரே டீக்கடை வைத்திருந்த அம்மா இரண்டாம் நாளே என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"யம்மா, நீ ஊதறப்பல்லாம் என் பாலு திரியுது."

"சத்தத்துல பால் எப்படிம்மா திரியும்?"

"அது எனுக்கு எப்படித் தெரியும்? நீதான் இஞ்சினீரு. நீயே சொல்லு."

ஊதும் நேரத்தை அவள் பால் காய்ச்சும் நேரத்துக்கு அப்புறம் மாற்றி வைத்தேன். பால் திரிவது நின்றுவிட்டது. முப்பது வருஷ அனுபவத்தில் என்னால் விளக்க முடியாத ஒரே விஷயம் அதுதான்.

மாமல்லபுரத்து மெருகு

தகடு கண்ணாடி மாதிரி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பழைய கீறல் எது, புதுப் பள்ளம் எது என்று தெரியாது. கம்பெனி வாங்கி அனுப்பிய தகடுகள் இட்லித் தட்டு மாதிரி இருந்தன. போனில் ஒரு பாட்டம் திட்டிவிட்டு, எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு மாமல்லபுரம் போனேன்.

அங்கே சாலையோரச் சிற்பக் கூடம் ஒன்றில் மெருகு போடுகிறவர் தேவராஜ். கருங்கல்லில் உங்கள் முகம் தெரியும்படி தேய்ப்பவர். தகட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது சாமிக்குக் கவசமா மேடம்?"

"இல்லைங்க. இதைக் கொண்டுபோய் நீராவியில அடி வாங்க வைக்கணும்."

"அடி வாங்கறதுக்கா மெருகு?"

"ஆமா."

பாவமாகப் பார்த்தார். ஆனால் போட்டுக் கொடுத்தார். நல்ல மெருகு. நான்காவது நாள், ஊதி முடித்த தகடுகளைத் திரும்பத் தேய்த்துத் தர முடியுமா என்று கேட்க எடுத்துப்போனேன். பார்த்ததும் அவருக்கு முகம் சிவந்துவிட்டது.

"நான் கண்ணாடியா குடுக்கறேன், நீங்க அம்மை போட்ட மூஞ்சியா கொண்டாறீங்க. இனிமே இத்த என் கண்ணுல காட்டாதீங்க. வேணும்னா புதுசு எடுத்தாங்க."

கோபப்படத் தெரிந்த மனிதர். எனக்குப் பிடித்துப்போயிற்று.

சபாபதியின் பொட்டு

புதுத் தகடுகள் ஒரு பெட்டி நிறைய வந்தன. அவை ஸ்டோருக்குப் போன அன்றைக்கே சபாபதி அத்தனைக்கும் பொட்டு வைத்துவிட்டார்.

நம் ஊர்த் தொழிற்சாலைகளில் வேலை பார்த்தவர்களுக்கு இது தெரியும். புதிதாக எது வந்தாலும் சந்தனம் குங்குமம். பாய்லருக்குப் பொட்டு, பம்புக்குப் பொட்டு. தீயணைக்கும் சிலிண்டருக்குக்கூடப் பொட்டு. ஆனால் தகட்டின் நட்ட நடுவிலா வைப்பது? பள்ளம் விழ வேண்டிய இடம் அது.

"யோவ், அடி வாங்கப் போற தகட்டுக்கு எதுக்குய்யா பொட்டு?" என்று கத்தினேன்.

சபாபதி அசரவில்லை. "புதுசு மேடம். மூளியா எப்டி உள்ள அனுப்பறது? அதுவும் அடி வாங்கப் போவுது. கூட ஒரு துணை வேணாமா?"

அந்த முகத்தைப் பார்த்து மேலே திட்ட முடியவில்லை. "சரி, நடுவுல வேணாம். மூலையில வைய்யி" என்றேன். நடுவில் இருந்ததைத் துடைத்துவிட்டு அத்தனை தகட்டிலும் இடது மூலையில் வைத்தார். அடுத்த ஊதலில் குங்குமமும் சந்தனமும் போன இடம் தெரியவில்லை. எட்டாவது தகடு வரை அப்படித்தான். தகட்டைக் கழற்றிக் கொண்டுவந்ததும் சபாபதி மூலையைத் தொட்டுப் பார்த்து, "போயிடுச்சி" என்பார் ஏதோ சாதித்தது மாதிரி. நான் பள்ளத்தை எண்ணுவேன். எட்டாவதில் பதினேழு.

வெள்ளிக்கிழமை ஒன்பதரை மணி

முதலாளி டர்பைனை ஓட்ட நல்ல நேரம் குறித்துவிட்டார். வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரை. ஒன்பதாவது தகடு மாட்டியது வியாழக்கிழமை; ராத்திரியோடு ராத்திரியாகக் குழாயை டர்பைனோடு சேர்த்துவிடலாம் என்று கணக்கு. பதினேழு பள்ளம் ஒரே ஊதலில் மூன்றாகாது என்று ஜி.எம்.முக்கு நன்றாகத் தெரியும். சென்னையிலிருந்து தினமும் காரில் வருகிற மனிதர். கெட்டவர் இல்லை. முதலாளிக்கு "இல்லை" என்று சொல்ல வராத வகை.

வழக்கமாக ஊதி முடித்ததும் தகட்டைக் கழற்றும் இடத்துக்கு நானே போவேன். அன்றைக்கு ஜி.எம். என்னை அறைக்குக் கூப்பிட்டார். "மேடம், ஒரு டீ. ரெண்டு நிமிஷம்." உட்கார்த்தி வைத்து மகன் எந்தக் காலேஜில் படிக்கிறான், கூடுவாஞ்சேரியில் வீட்டு வாடகை எவ்வளவு என்று அரை மணி நேரம் கேட்டார். எனக்கு மகனே கிடையாது.

அந்த அரை மணி நேரத்தில் ஏழுமலை ஸ்டோர் பெட்டியிலிருந்து புதுத் தகடு ஒன்றை எடுத்திருக்கிறான். பின்னால் நான் பெயின்டில் எழுதும் ஒன்பது என்ற எண்ணை என் கையெழுத்து மாதிரியே எழுதியிருக்கிறான். வால் நீளமாக இருக்கும் என் ஒன்பது, அதுகூடத் தப்பவில்லை. லேசாகச் சூடு காட்டிக்கூட எடுத்து வந்திருந்தான். எல்லாம் சரியாகச் செய்தவன் பொட்டைத் துடைக்கவில்லை.

ஏன் என்று பிறகு யோசித்தேன். புதுப் பொருளில் பொட்டு இருப்பது நம் ஆட்கள் கண்ணில் படாது. இல்லாவிட்டால்தான் படும்.

கரும்பு லாரிகள்

ஒரு கையெழுத்துக்கு இவ்வளவு அலட்டலா என்று ஏழுமலைகூட அப்புறம் கேட்டான். காரணம் இருக்கிறது.

வேலைக்குச் சேர்ந்த புதிது. வேறு மாவட்டத்தில் ஒரு சர்க்கரை ஆலை. இதே ஊதும் வேலை. கடைசித் தகட்டை என் மேலதிகாரி பார்த்தார். "நான் பார்த்துட்டேம்மா, சுத்தமா இருக்கு. நீ போடு" என்றார். நான் பார்க்காமலே போட்டேன். பெண் பிள்ளை, புதிது, எதிர்த்துக் கேட்டால் என்ன நினைப்பார்களோ என்ற பயம்.

நான்காவது நாள் டர்பைன் அதிர ஆரம்பித்தது. திறந்து பார்த்தால் முதல் வரிசை பிளேடுகள் எலி கடித்த மாதிரி இருந்தன. ஆலை நின்றது. வெளியே கரும்பு லாரிகள் ஒரு மைலுக்கு. வெட்டிய கரும்பு வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. நானும் விவசாய வீட்டுப் பெண்தான். காய்ந்த கரும்பின் எடை என்ன ஆகும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

லாரி நிழலில் உட்கார்ந்திருந்த ஒருவர் என் தொழிற்சாலைச் சட்டையைப் பார்த்துவிட்டுக் கேட்டார். "ஏம்மா, நல்லா கீதுன்னு சொல்லி எவன்மா கையெழுத்துப் போட்டான்?"

தெரியாது என்று சொல்லிவிட்டு நடந்தேன். அந்தப் பொய்க்கு அப்புறம்தான் எனக்கு இந்த வாய் வந்தது.

பிரசாதம்

சரி, தகட்டுக்கு வருவோம். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டேன். எல்லோரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏழுமலை, நான் எத்தனையோ ஊர்ல ஊதியிருக்கேன். இந்த மாதிரி அதிசயத்தைப் பார்த்ததில்ல" என்றேன். "முந்நூறு டிகிரியில அழியாத குங்குமம்யா இது. சும்மா விடக் கூடாது. இங்க வா."

வந்தான். அவன் ஹெல்மெட்டைக் கழற்றச் சொல்லி, தகட்டு மூலையிலிருந்து குங்குமத்தைத் தொட்டு அவன் நெற்றியில் பெரிதாக வைத்தேன். அவனும் பக்தியோடு கண்ணை மூடிக் காட்டினான். அடுத்தது ஜி.எம். அவரும் குனிந்தார்.

முதலில் சிரித்தவர் சபாபதி. களுக்கென்று ஒரு சத்தம். பிறகு கையால் வாயைப் பொத்திக்கொண்டு, "போவலியே! இன்னிக்கி மட்டும் போவலியே!" என்றார். வரிசையாக ஒவ்வொருவருக்கும் விளங்கியது. ஏழுமலையின் ஆட்களே சிரிக்க ஆரம்பித்தார்கள். கடைசியாக ஏழுமலைக்கு விளங்கியது. கை நெற்றிக்குப் போய்ப் பாதியில் நின்றது. ஜி.எம். லட்டு டப்பாவை மூடினார்.

மூடிவிட்டு என்னைத் தனியே கூப்பிட்டார். "மேடம், விளையாட்டு போதும். நாளைக்கு முதலாளி வர்றார். ரிப்போர்ட் இல்லாம டர்பைன் கம்பெனிக்காரன் ஓட்ட விட மாட்டான். ரெண்டாவது தகடு வேணாம், ப்ளீஸ், இது ஒண்ணை வச்சே கையெழுத்துப் போடுங்க."

"தாராளமா" என்றேன். பேனாவை எடுத்து எழுதினேன்: "ஒன்பதாம் தகடு. பள்ளம் ஏதும் இல்லை. மூலையில் இருந்த சந்தனமும் குங்குமமும் ஊதிய பிறகும் கலையவில்லை. ஸ்டோர்கீப்பரின் விரல் ரேகை தெளிவாகத் தெரிகிறது." கீழே கையெழுத்துப் போட்டுத் தேதியும் போட்டேன்.

அவர் படித்தார். இரண்டாம் முறையும் படித்தார்.

"இதை எப்படி மேடம் அவங்களுக்கு அனுப்பறது?"

"தபால்ல."

நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். நான் வெளியே வந்தேன்.

ஏழுமலை பைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். கேட்காமலே டேங்க் கவரைத் திறந்து அசல் தகட்டை எடுத்து நீட்டினான். பதினாறு பள்ளம். அதோடு குறுக்கே விரல் நீளத்துக்கு ஒரு வெட்டு. பெரிதாக எதுவோ போயிருக்கிறது. வெல்டிங் ராடு துண்டாகத்தான் இருக்கும்.

"இது பிளேடுல அடிச்சிருந்தா?" என்றேன்.

"தெரியும் மேடம்."

"தெரிஞ்சேதான் பண்ணியா?"

"பின்ன இன்னா பண்ண சொல்ற? பேஜாரா பூட்சி. என் குழாயில குப்பையே இருக்காதுன்னு பசங்க கிட்ட சொல்லிக்கினு திரிஞ்சேன். டெய்லி நீ தட்ட எடுத்து எல்லார் எதிர்லயும் எண்ற. ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு சத்தமா. என் மூஞ்சில குத்தற மாரி கீது."

எனக்கு அது தோன்றவே இல்லை. நான் குழாயை எண்ணிக்கொண்டிருந்தேன். அவன் தன்னை எண்ணுவதாகக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான். மன்னிப்புக் கேட்கும் பழக்கம் எனக்கு இல்லை. "நாளையிலேர்ந்து நீயே எண்ணு" என்று தகட்டை அவன் கையிலேயே திருப்பிக் கொடுத்தேன்.

முதலாளி ஊதினார்

வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்கு முதலாளி வந்தார். மனைவி, மாலை, ஐயர், தேங்காய் எல்லாம் வந்தன. ஜி.எம். முகம் வெளுத்து என்னைப் பார்த்தார். அவர் சொல்ல மாட்டார் என்று தெரிந்ததால் நானே சொன்னேன்.

"ஐயா, டர்பைன் இன்னைக்கு ஓடாது. குழாய் அழுக்கா இருக்கு. ஓட்டினா பிளேடு போயிடும்."

முதலாளி என்னை மேலும் கீழும் பார்த்தார். இந்தப் பக்கத்து ஆள்தான். வேட்டி சட்டை. "நல்ல நேரம் வீணா பூடுமேம்மா" என்றார்.

"வீணாகாது. வாங்க, நீங்களே ஊதுங்க."

காதை அடைக்கும் மூடியை மாட்டிவிட்டு, அவர் கையாலேயே வால்வு பொத்தானை அழுத்த வைத்தேன். வானத்தில் வெள்ளையாகப் பெரிய தூண் எழும்பியது. தரை நடுங்கியது. ஐயர் தேங்காயைப் போட்டுவிட்டு இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். முதலாளியின் மனைவி சிரித்த சிரிப்பை யாரும் கேட்கவில்லை, பார்க்கத்தான் முடிந்தது.

தகடு ஆறியதும் ஏழுமலை கொண்டுவந்து முதலாளி முன்னால் சத்தமாக எண்ணினான். பதினான்கு. கடைசி இரண்டைச் சொல்லும்போது குரல் கொஞ்சம் இறங்கியது. ஆனால் விடவில்லை.

"எத்தினி இருந்தா ஓட்டலாம்?" என்றார் முதலாளி.

"மூணுக்குள்ள" என்றான் ஏழுமலை, எனக்கு முன்னால்.

அன்றிலிருந்து முதலாளி தினமும் மதியம் எனக்கு போன் செய்வார். வணக்கம்கூட இல்லை. "இன்னிக்கி எத்தினி?" கிரிக்கெட் ஸ்கோர் கேட்கிற மாதிரி. ஒன்பது என்றேன் சனிக்கிழமை. ஞாயிற்றுக்கிழமையும் ஒன்பது என்றதும் என்னைத் திட்டினார். திங்கட்கிழமை முதல் ஊதலில் ஐந்து, அடுத்ததில் மூன்று.

ராகு காலத்தில்

செவ்வாய்க்கிழமை வந்த தகட்டை ஏழுமலை எண்ணவில்லை. என்னிடம் நீட்டினான். இரண்டே பள்ளம், குண்டூசி முனை அளவு. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். விரல் நகத்தால் தடவிப் பார்த்தேன். நிதானமாகக் கையெழுத்துப் போட்டேன்.

அவசரப்படாமல் தற்காலிகக் குழாயைக் கழற்றி, அசல் குழாயை டர்பைனோடு சேர்த்து, மறு வாரம் எல்லாம் தயாரானபோது அதுவும் ஒரு செவ்வாய்க்கிழமை. மணி மூன்றேகால். ஜி.எம். கைக்கடிகாரத்தைப் பார்த்து, "மேடம், ராகு காலம்" என்று கிசுகிசுத்தார். முதலாளிக்கு போன் போட்டுக் கொடுத்தேன்.

"கொயா சுத்தமா கீதா?" என்றார் அவர்.

"சுத்தமா இருக்குங்க."

"அப்புறம் எதுக்கு நின்னுகினு கீறீங்க? ஓட்டுங்க."

வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தோம். டர்பைன் அசைந்தது, சுற்றியது, வேகம் பிடித்தது. உள்ளே ஏதாவது அடிபடுகிறதா என்று கேட்க எங்களிடம் பெரிய கருவிகள் உண்டு. ஆனாலும் நான் நீளமான ஸ்க்ரூ டிரைவர் ஒன்றின் முனையை டர்பைன் உறையில் வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்துத்தான் கேட்பேன். ஒரு சின்ன மணல் போனாலும் "டிங்" என்று தெரியும்.

கேட்டேன். பிறகு ஸ்க்ரூ டிரைவரை ஏழுமலையிடம் நீட்டினேன். அவன் கண்ணை மூடிக்கொண்டு காதை வைத்தான். ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம். அவன் ஆட்கள் எல்லோரும் சுற்றி நின்றார்கள்.

"இன்னா அண்ணாத்த, இன்னா கேக்குது?" என்றான் ஒருவன்.

ஏழுமலை கண்ணைத் திறக்கவில்லை.

"ஒண்ணும் கேக்கலடா" என்றான். "நீயும் வந்து கேளு."